செம்மண் கோளும் ஏழு கதவுத் தீவும்

பத்திரிகையின் ஒரு பக்கத்தில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பாக்கியம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், என்னோட அஞ்சாவது கதவு எங்கங்க?" என்றாள்.

மாத்தளையில் என் நானாவின் கடை. எனக்கு மூத்த சகோதரர் அவர் ஒருவர்தான். கொப்பி, சிலேட்டு, பத்திரிகை எல்லாம் விற்றார். ஞாயிற்றுக்கிழமைக் காலை, வெளியே வீதியோரம் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். அந்தக் காரம் கடைக்குள் வந்து மூக்கைப் பிடித்தது.

பாக்கியம் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருத்துவிச்சி. முதல் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

நான் செய்த காரியம் இதுதான். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வாரப்பத்திரிகையில் 'செம்மண் கோள்' என்றொரு விஞ்ஞானத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ககனன் என்ற புனைபெயரில் யாரோ எழுதினார். தொடர்கதைப் பைத்தியங்கள் எல்லோரும் அப்போது செய்ததுபோல, நானும் அத்தியாயங்களை வெட்டி எடுத்து வைத்தேன். முடிந்ததும் தைத்துப் புத்தகமாக்குவதாக எண்ணம். கூந்தல் எண்ணெய் விளம்பரத்தை விட்டுவிட்டுக் கதையை மட்டும் பிளேடால் அழகாக வெட்டியிருந்தேன். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை.

மறுபக்கத்தில் 'ஏழு கதவுத் தீவு' இருந்தது. பவளக்கொடியான் என்பவர் எழுதிய மாயாஜாலத் தொடர். பாக்கியம் மலையிலிருந்து இறங்கி வந்ததே அதற்காகத்தான்.

"உங்கட கதவு இப்ப என்ட ரொக்கெட்டுக்குப் பின்னுக்கு இரிக்கு," என்றேன்.

"அப்ப ரொக்கெட்ட குடுங்க. கதவத் தொறந்து பாத்துட்டுத் தாரேன்."

எங்கள் சிநேகிதம் இப்படித்தான் ஒரு ஓட்டையில் தொடங்கியது.

ஒரு தாள், இரண்டு பைத்தியம்

நான் இப்போது எழுதும் இந்த நினைவுத் தொடரை வாசிக்கிறவர்களில் சிலர் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்: முஸ்லிம் வீட்டுப் பெண், அதுவும் தமிழ் டீச்சர், ரொக்கெட் கதையில் எப்படி விழுந்தீர்கள் என்று. விழுவதற்கு முறை உண்டா? நானா கடைக்கு வரும் பத்திரிகைக் கட்டை அவிழ்ப்பது என் வேலை. கட்டை அவிழ்த்தால் மை வாசம். மை வாசம் பிடித்தால் வாசிக்காமல் இருக்க ஏலாது.

அந்த வாரப்பத்திரிகை எங்கள் ஊருக்குக் கொஞ்சம்தான் வரும். எல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விடும். மிஞ்சியது என்னுடைய பிரதி ஒன்று. பாக்கியம் வந்து கேட்டபோது நானாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் யாருக்குமே இல்லை என்று சொல்லாத வியாபாரி. "தங்கச்சி வாசிச்சு முடிச்சதும் தருவா, ஞாயித்துக்கிழம வாங்க," என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நானா ஒரு வரி கதை வாசித்தவரில்லை. "இல்லாத ஊருக்குப் போகாத வழி காட்டுற வேலை," என்பார். அது ரொக்கெட் கதைக்குச் சரியான விளக்கம்தான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத் தோன்றியது.

ஓட்டை விழுந்த அந்தக் காலையில் பாக்கியமும் நானும் சண்டை பிடித்தோம். முதலில் மரியாதையாக, பிறகு கொஞ்சம் மரியாதை குறைவாக. இருவருக்கும் கதையைச் சேர்த்து வைத்துப் புத்தகமாக்க ஆசை. இரண்டு கதையும் ஒரே தாளின் இரு முகம். நான் வெட்டினால் அவளுக்கு ஓட்டை. அவள் வெட்டினால் எனக்கு ஓட்டை. ஒரே உறைக்குள் இரண்டு வாள்.

கடைசியில் அவள்தான் சொன்னாள்: "வெட்டவே வேணாங்க டீச்சர். முழுத் தாளாவே கழட்டி வெப்போம். பொஸ்தகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. நீங்க ஒரு மாசம், நான் ஒரு மாசம்."

மிளகுச் சாக்குத் தைக்கிற ஊசி எங்கள் ஊரில் இல்லாத வீடு கிடையாது. அந்த ஊசியாலும் சணல் நூலாலும் நான் தைத்தேன். புதுத் தாள் சேரச் சேர அவிழ்த்துத் தைக்க வேண்டும். கோதுமை மாப் பசையில் துரிசு கலந்தால் பூச்சி அரிக்காது என்று பாக்கியம் தோட்டத்து மருந்துச்சாலையிலிருந்து ஒரு சிட்டிகை கொண்டு வந்தாள். அட்டை பச்சை நிறமாகப் போய்விட்டது. இன்றுவரை பூச்சி அதைத் தொடவில்லை.

என் ஆட்கள், அவள் ஆட்கள்

எனக்கு யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ககனனைப் பிடித்ததற்குக் காரணம் அவர் சின்ன விஷயத்தை விடமாட்டார். செவ்வாய் மாதிரி ஒரு சிவப்புக் கோள். அதில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். குளிக்கத் தண்ணீர் எப்படி வருகிறது, துணி எங்கே காய்கிறது, தூசி புகாமல் கதவை எப்படிச் சாத்துகிறார்கள் எல்லாவற்றையும் சொல்வார். கதாநாயகன் இரண்டு வாரம் ஒன்றுமே செய்யாமல் ஒரு பம்பைத் திருத்திக்கொண்டிருப்பான். அந்தப் பம்ப் ஓடியபோது எனக்குக் கண் கலங்கியது.

பேராசிரியர் பட்டம் போட்டுக்கொண்டு இன்னொருவர் எழுதினார். அவர் கதைகளில் கணக்குச் சூத்திரம் இருக்கும், வாரா வாரம் மயக்கம் போடும் ஒரு கதாநாயகி இருப்பாள். விண்கல் வந்தால் மயக்கம், காதலன் வந்தால் மயக்கம். இவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வேண்டும் என்றாள் பாக்கியம். அந்தப் பேராசிரியரை நாங்கள் அதோடு விட்டுவிட்டோம்.

மொஸ்கோவில் தமிழில் அச்சடித்து வந்த தடித்த புத்தகங்களும் கொஞ்சம் கிடைத்தன. அட்டை பலகை மாதிரி இருக்கும். அதில் விண்வெளிக்குப் போகிறவர்கள் யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள்; ஓய்வு நேரத்தில் தேநீர் குடிப்பார்கள். பாக்கியம் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். "அங்கன எப்படிங்க தேயில? நம்ம கொழுந்தாத்தான் இருக்கும்," என்றாள். அவள் அம்மா பறித்த கொழுந்து சந்திரனைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதாக அன்று முழுதும் இருவரும் சொல்லிச் சிரித்தோம்.

மாயாஜாலம் எனக்கு அவ்வளவு ஒட்டாது. ஜின் கதை கேட்டு வளர்ந்தவளுக்கு இன்னொரு ஜின் எதற்கு? ஆனால் பாக்கியத்தின் ரசனையில் ஒரு சட்டம் இருந்தது. சும்மா கிடைக்கும் மந்திரம் அவளுக்குப் பிடிக்காது. கை தட்டினால் அரண்மனை வரும் கதைகளை முதல் பக்கத்திலேயே மூடிவிடுவாள்.

பவளக்கொடியானின் தீவில் ஒவ்வொரு கதவும் ஒன்றைக் கேட்கும். முதல் கதவு கதாநாயகியின் நிழலைக் கேட்டது. மூன்றாவது கதவு அவள் சிரிப்பை. ஐந்தாவது கதவு அவள் பெயரை. கொடுத்தால்தான் திறக்கும். "இவரு நேர்மையான ஆளு டீச்சர்," என்பாள் பாக்கியம். "ஒண்ணு வேணும்னா ஒண்ணக் குடுக்கணும்னு தெரிஞ்சவரு."

ஒருவருக்கு ஒரு கதை ஏன் பிடிக்கிறது என்ற கேள்வி அப்போதிருந்தே என்னைப் பிடித்துக்கொண்டது. தினமும் பிள்ளை பிறப்பதைப் பார்க்கிறவள் மந்திரக் கதவுகளைத் தேடுகிறாள். மாத்தளையைத் தாண்டிக் கண்டிக்குக்கூட வருடத்துக்கு இரண்டு முறைதான் போகிற நான் வேற்றுக் கோளைத் தேடுகிறேன். இதற்கு விடை எனக்கு இன்னும் தெரியாது.

என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாமி, அலமாரியில் ரொக்கெட் படம் போட்ட புத்தகங்களைக் கண்டுவிட்டு, "மகள் டிரைவர் வேலைக்குப் படிக்கிறாவா?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

துரை பங்களாச் சாக்கு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவேன். யார் பிழைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நிம்மதியாக உட்கார்ந்து வாசிக்க முடியும்.

பாக்கியத்துக்கு அது ஆகவே ஆகாது. "தலைய பாக்கு முன்ன ஆணா பொண்ணான்னு கேக்குற ஆளுங்க நீங்க," என்பாள். நான் முடிவைச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில், புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

அவள் வேலை செய்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருமுறை சீமைக்கே திரும்பிப் போனார். பங்களாவைக் காலி செய்தபோது ஒரு சாக்கு நிறைய இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் பின்கட்டில் கிடந்தன. அட்டையில் பல கண் உள்ள பிராணிகள், பறக்கும் தட்டுகள். பாக்கியம் சமையற்காரரிடம் கேட்டு அந்தச் சாக்கை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றி எனக்குக் கொண்டு வந்தாள்.

சந்தோஷத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்றிலும் கடைசிப் பக்கம் இல்லை. சமையற்காரர் அடுப்புப் பற்றவைக்கப் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பாக்கியம் கடைக் கதிரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தாளு புண்ணியவான் டீச்சர். ஒங்க வியாதிக்கு மருந்து குடுத்துட்டாரு."

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். வேறு வழி இல்லை. முடிவு இல்லாத இடத்தில் புத்தகம் நிற்கும். பிறகு இருவரும் ஆளுக்கொரு முடிவு சொல்வோம். என் முடிவில் இயந்திரம் ஒன்று பழுது திருத்தப்படும். அவள் முடிவில் யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுப்பார். ஒருநாளும் எங்கள் முடிவுகள் ஒத்துப்போனதில்லை.

வலப்பக்கம், இடப்பக்கம்

எங்கள் பச்சை அட்டைப் புத்தகத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. விரித்தால் வலப்பக்கம் முழுதும் செம்மண் கோள், இடப்பக்கம் முழுதும் ஏழு கதவுத் தீவு. வலப்பக்கத்தை வாசிக்கும்போது கடைக்கண்ணில் தீவுக் கடல் தெரியும். அவள் தீவை வாசிக்கும்போது பக்கத்தில் சிவப்பு மண் தெரியும். சித்திரக்காரர் இரண்டுக்கும் ஒரே ஆள். இரண்டு கதாநாயகிகளுக்கும் ஒரே மூக்கு.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? நான் களவாக இடப்பக்கம் வாசிக்கத் தொடங்கினேன். பாக்கியம் களவு ஒன்றும் செய்யவில்லை. நேராகவே கேட்டாள்.

"ஒங்க செம்மண் கோள்ல மூணு தலமொறையா ஆளுங்க இருக்காங்க. ஒரு பிரசவம்கூட எழுதலியே இவரு. பம்ப் திருத்த ரெண்டு வாரம், புள்ள பொறக்க ஒரு வரிகூட இல்லீங்களா?"

"அது விஞ்ஞானக் கதை, பாக்கியம்."

"புள்ள பொறக்குறது விஞ்ஞானம் இல்லீங்களா?"

நான் ககனனுக்காக வாதாடினேன். அவர் மெட்ராஸில் தனியாளாக இருப்பார், அவருக்கு என்ன தெரியும் என்றேன். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு வலப்பக்கத்தை அவள் ஒரு வாரமும் தவறவிடவில்லை.

ரோகிணி ஏறுவாளா?

செம்மண் கோளில் ரோகிணி என்றொரு பெண். சுரங்கத் தொழிலாளியின் பேத்தி. சிவப்பு மண்ணில் பிறந்து, சிவப்பு மண்ணில் வளர்ந்தவள். கதை நடுவில் பூமியிலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது. சுரங்கம் இனி உங்களுக்கு வேண்டாம், நீங்கள் எல்லோரும் தாய்மண் திரும்பலாம், ரொக்கெட்டுகள் வருகின்றன.

நான் அந்த அத்தியாயத்தை ரொக்கெட்டுகளுக்காக வாசித்தேன். எத்தனை அடுக்கு, எரிபொருள் எங்கே, ஏணி எப்படி மடங்கும் என்று. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். அந்த ஞாயிறு பாக்கியம் வந்ததும் ஆர்வமாக அதை நீட்டினேன்.

அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தாள். இடப்பக்கத்துத் தீவைப் பார்க்கவே இல்லை.

"இந்தக் ககனன் எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருக்காருங்களா டீச்சர்?"

"ஏன்?"

"ரோகிணிக்குத் தாய்மண்ணு எது? பொறந்த எடந்தானுங்களே? பூமிய அவ படத்துலதான் பாத்திருக்கா. நான் இந்தியாவ படத்துலகூட சரியா பாத்ததில்லீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலங்கை, இந்தியா இரண்டு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து, தோட்டத்துத் தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. பாக்கியத்தின் புருஷன் முத்தையா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். பதில் வரவில்லை. அவளும் நானும் நிழலைக் கேட்கும் கதவு, பெயரைக் கேட்கும் கதவு என்று பேசிச் சிரித்த அத்தனை ஞாயிறும் அந்தப் பதிலுக்காக அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ககனனுக்கு எல்கடுவ எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எழுதியவருக்குத் தெரியாத ஒன்று கதைக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்வியையும் நான் இன்னும் விடவில்லை.

அன்று முதல் பாக்கியம் கடைக்குள் காலெடுத்து வைக்கும்போதே கேட்டாள்: "ரோகிணி ஏறுறாளா?"

ரோகிணியின் அப்பா மூட்டை கட்டினார். தோழிகள் போனார்கள். ஒரு வாரம் ரோகிணி கண்ணாடிக் கூரையின் கீழே தான் நட்ட செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தியாயம் முழுதும் அவ்வளவுதான். பாக்கியம் அதைப் பெரிய அத்தியாயம் என்றாள். எனக்கு அது கொஞ்சம் இழுவையாகத்தான் பட்டது. சொல்லவில்லை.

அடுத்த வாரம் ரோகிணி ரொக்கெட்டுக்கு அருகே வந்தாள். ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். சித்திரக்காரர் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார். கீழே 'தொடரும்'.

அதற்கடுத்த வாரம் கட்டு வரவில்லை. நானா ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். வெளிநாட்டுச் செலாவணி இல்லை, இந்தியப் பத்திரிகைகள் இனி வராது என்றார்கள். அரிசிக்கும் பருப்புக்குமே வழியில்லாதபோது ரோகிணியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? ஏணியில் ஒரு காலோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். இடப்பக்கத்தில் தீவுக்காரி ஏழாவது கதவுக்கு முன்னால்.

முன்பாதி உங்களிடம்

சில மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் பாக்கியம் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கடை வாசலில் கண்டதும் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"எங்க மனுவ தள்ளிட்டாங்க டீச்சர். வேற வழியில்லாம இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுத்தாச்சு."

நான் என்னென்னவோ சொன்னேன். மறுபடி மனுப் போடலாம், எங்கட வாப்பாவுக்குத் தெரிந்த பிரக்கிராசி இருக்கிறார், நல்ல வக்கீல் என்றெல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரோகிணியவாச்சும் ஏறுறியா இல்லியான்னு கேட்டாங்க," என்றாள். "எங்ககிட்ட அதையும் கேக்கலீங்க."

அவள் போகும் நாள் நெருங்கியது. பச்சை அட்டைப் புத்தகம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. எனக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தது. கொடுக்கக் கூடாது என்றும் இருந்தது. தாள்களைப் பிரித்தால் இரண்டு கதையும் கெட்டுவிடும். கடைக்கு எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் அட்டையைத் தடவிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாங்க. அங்க போனா பத்திரிகை கெடைக்கும், முடிவ நான் தேடிக்கிறேன். முன்பாதி ஒங்ககிட்ட இருக்கட்டும், முடிவு எங்கிட்ட இருக்கட்டும். அப்பத்தான் ரெண்டு பேருல ஒருத்தராச்சும் பொறப்பட்டு வருவோம்."

மாத்தளை ஸ்டேஷனில் காலைக் கோச்சி. அதில் கண்டிக்குப் போய், அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பல். முத்தையாவின் தகரப் பெட்டியில் வெள்ளை எழுத்தில் பெயரும் போகும் ஊரும் எழுதியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரே துணியில் தைத்த புதுக் கவுன் போட்டிருந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மேடை முழுதும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பாக்கியம் அழவில்லை. பிள்ளைகளை ஏற்றினாள், பெட்டியை ஏற்றினாள். பிறகு மிதிபலகையில் ஒரு காலை வைத்துத் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"படம் சரியா இருக்குங்களா டீச்சர்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன். என் மாணவிகள் இரண்டு பேர் அங்கே நின்றது பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

வந்து படிங்க

அடுத்த வருஷம் கோத்தகிரியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. மலையில் வீடு, இங்கேயும் தேயிலைதான், குளிர் எல்கடுவப் பக்கத்தைவிட அதிகம், ஊர்க்காரர்கள் எங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். சவரக்கடை ஒன்றில் பழைய பத்திரிகைக் கட்டு இருந்ததாம். கடைசி வரி: "ரோகிணி கதை முடிவு கெடச்சிருச்சு. எழுத மாட்டேன். வந்து படிங்க."

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஏறினாளா இல்லையா, ஒரே ஒரு சொல் எழுதுங்கள் என்று கெஞ்சிப் பதில் போட்டேன். அவளிடமிருந்து சுகம் விசாரித்து, பிள்ளைகள் படிப்பைச் சொல்லி ஓர் அட்டை வந்தது. கீழே மறுபடி "வந்து படிங்க."

பெருநாள் வாழ்த்திலும் அதுதான், பொங்கல் வாழ்த்திலும் அதுதான். மூத்தவள் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போன செய்தியிலும் கடைசி வரி அதேதான்.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். வாப்பா படுக்கையில் விழுந்தார். பள்ளிக்கூடத்தில் லீவு இல்லை. தனியாக ஒரு பெண் கப்பலேறிப் போவதா என்று வீட்டில் பேச்சு. இப்படியே வருஷங்கள் போயின.

இப்போது மறுபடியும் இந்தியப் புத்தகங்கள் வரத் தொடங்கிவிட்டன. சென்ற மாதம் கொழும்புக்குப் போயிருந்தேன். பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடை. சோதிடப் புத்தகங்களுக்கு நடுவில் ஓர் அட்டை கண்ணில் பட்டது. சிவப்பு மண். ஓர் ஏணி. 'செம்மண் கோள்', ககனன். யாரோ முழுப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள்.

கையில் எடுத்தேன். என் விரலைப் பற்றி நானே அறிவேன். அது நேரே பின்னட்டைக்குப் போயிற்று. எத்தனை வருஷத்துக் கேள்வி. ஒரு தாளைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பழைய புத்தகம் இது. கடைசிப் பக்கமெல்லாம் இரிக்கா என்று பாத்து எடுங்க. பிறகு இல்லை என்று கொண்டு வந்தா மாத்தித் தர ஏலாது."

"பார்க்கத் தேவல்ல. நூல் போட்டுக் கட்டித் தாங்க," என்றேன்.

அவர் சணல் நூலால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டினார். பச்சை அட்டைப் புத்தகத்தோடு அது என் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிற பள்ளிக்கூட விடுமுறைக்குத் தலைமன்னாரில் எனக்குக் கப்பல். நூலை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது கோத்தகிரியில் இருக்கிறது.